நிச்சயத் தட்டில் போன பல்

வைகாசி 9, வியாழன்

விடிந்ததிலிருந்து மூடுபனி. துணி காயவில்லை. எனக்கு ஒரு பொழுது விரதம்.

விதைப் பூண்டு மூட்டையை அவிழ்க்கக் கத்தி எடுக்கச் சோம்பல் இவருக்கு. சணல் முடிச்சைப் பல்லால் இழுத்தார். மேல்வரிசை முன்பல் நாலும் போச்சு. எலும்பில் இரண்டு திருகு வைத்து மாட்டியவை. "சொந்தப் பல்லவிட உறுதி" என்று எங்கள் மலைக்கிராமம் போளூர் முழுக்கக் காட்டியவர். இப்போது திருகு இரண்டும் வாயில், பல் மூட்டைக்குள். பூண்டுக்குள் பல் தேடுவது என்ன சோலி என்று முருகனுக்குத்தான் தெரியும். கிடைத்தது இரண்டு துண்டு.

ஞாயிறு மகள் செல்விக்கு நிச்சயம். மாப்பிள்ளை ஆயக்குடி. "எம்பொண்ணு உங்க வீட்டுப் பொண்ணு" என்று பெற்றவர் சபையில் மூன்று தரம் சொல்ல வேண்டும்.

"பொக்க வாயோட சபையில நிக்க மாட்டேன். எங்கண்ணன் சொல்லட்டும்."

அப்பா இருக்கையில் பெரியப்பா சொல்வதா? செல்வி ஒரே அழுகை. இவர் பலகை ஒட்டும் பசையோடு கண்ணாடி முன்னால். பிடுங்கிச் சாமி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

வைகாசி 10, வெள்ளி

வெள்ளனே முதல் பஸ். வத்தலக்குண்டில் நல்ல வெயில். பல் டாக்டரம்மா சின்ன வயது. திருகு நன்றாக இருக்கிறதாம். புதுப் பல் வர இரண்டு வாரம். அதுவரை பிளாஸ்டிக் பல், லேசான பசையில்.

"ஐயா, இது பாக்கத்தான். கடிக்கக் கூடாது. பிசுபிசுன்னு ஒட்டுறதும் ஆகாது, இழுத்தா வந்துரும்."

"அப்ப எதுக்கும்மா பல்லு?"

"சிரிக்க."

இவர் சிரித்தே வருஷமாகிறது.

பஸ்ஸில் எழுதிய பட்டியல். ஆகாதவை: முறுக்கு, அதிரசம், கடலை மிட்டாய், கொட்டைப்பாக்கு, கொய்யா (ஆயக்குடிக்காரர்கள், கூடையோடுதான் வருவார்கள்).

வைகாசி 12, ஞாயிறு

மழை இல்லை. முருகா, போதும்.

கொய்யா இரண்டு கூடை.

"கடிங்க சம்பந்தி, நம்ம தோட்டத்துக் காய்."

குறுக்கே போய் நான் வாங்கிக்கொண்டேன். "அவுகளுக்குச் சளிங்க." முறுக்கு வந்தது, தடுத்தேன். பாக்கு, தடுத்தேன்.

"பாவம் மனுசன். ஒரு வாய் திங்க விடுறாகளா பாரு" என்று அவர்கள் பக்கத்தில் ஒரு பெண்.

அப்புறம் அவர்கள் கொண்டுவந்த பழனிப் பஞ்சாமிர்தம். நானே ஒரு கரண்டி எடுத்து இவர் கையில் வைத்தேன். பிரசாதத்தை யாராவது பட்டியலில் எழுதுவார்களா? ஒரே மெல். நாலு பல்லும் பேரீச்சம்பழத்தோடு உள்ளங்கையில்.

அந்த நேரம் பார்த்து, "தட்ட மாத்துங்கப்பா."

மூன்று தரம் சொன்னார். பொக்கை வாயைத் திறந்து, சத்தமாக. மூன்றாவது தரம் கண்ணில் தண்ணீர். ஒருவரும் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுப் பொண்ணு" என்றார் சம்பந்தி.

அவர்கள் வேன் ஏறிய பிறகுதான் கேட்டேன், பல் எங்கே என்று.

"வெத்தலைக்கு அடியில."

எந்தத் தட்டு என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை.

வைகாசி 13, திங்கள்

சாரல். ஆயக்குடியிலிருந்து போன், சம்பந்திதான்.

"சம்பந்தியம்மா, தாம்பூலத்துல நாலு பல்லு கெடக்கு. கழுவி வச்சிருக்கேன். பஸ்ஸுல குடுத்து விடவா?"

பக்கத்தில் நின்று இவர் 'வாங்கு, வாங்கு' என்று வேகமாகத் தலையாட்டுகிறார். நிச்சயத் தட்டில் போனதைத் திரும்ப வாங்கினால் நிச்சயம் என்னாவது?

"வேண்டாங்க. அது உங்களுக்குச் சேர்ந்தது."

"நாங்க அத வச்சு என்னங்க பண்றது?"

"சாமி படத்துக்கிட்ட வைங்க."

இவருக்கு இரண்டு வாரம் கஞ்சி.