வாலுவின் ஆமை

மார்ச் 9, காலை 6.40. நிமிடத்துக்கு 311.

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் பிறகு. முதலில் நம் குட்டி வாலு தூங்கும் இடத்துக்குப் போ. தலையணைக்கு அடியில் இருக்கும் அந்தக் கருப்புக் கல்லை, அவளுடைய ‘ஆமை’யை, கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு எடு. பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, கொல்லையின் கடைசி மூலையில் வைத்துவிட்டு வா. குப்பையில் போடாதே, வேறு யாராவது எடுப்பார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவு. அவள் கையையும் கழுவு, நகத்துக்குள்ளும். பிறகு உட்கார்ந்து மீதியைப் படி.

செய்யாமலேயே இந்த வரிக்கு வந்திருப்பாய், உன்னைத் தெரியாதா? போய்ச் செய்.

இப்போது விஷயம். நாங்கள் இங்கே யுரேனியம் தேடுவது எப்படி என்று விடுமுறையில் வந்தபோது சொன்னேன், நீ கொட்டாவி விட்டாய். கதிர்வீச்சை அளக்கும் கவுண்ட்டரைத் தூக்கிக்கொண்டு பாறை பாறையாக நடக்க வேண்டும். கிளம்பும் முன் ஆற்று மணலுக்குப் போய், சும்மா இருக்கும் தரையில் முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருக வேண்டும். அதற்குமேல் ஏறினால்தான் கணக்கு. ஆறு இருநூறு அடி தள்ளி இருக்கிறது, காலையில் எலும்பை உறைய வைக்கும் குளிர். நான் ஐந்து மாதமாகக் கட்டிலில் உட்கார்ந்தபடியே திருகிவிட்டுக் கிளம்பினேன்.

நேற்று மழையில் கூடாரம் ஒழுகியது. துளை போடும் அண்ணன் என் கட்டிலை நகர்த்திப் பலகையைத் தூக்கினார். அடியில் முழுக்கக் கதிர் வீசும் கருப்புக் கல் சில்லு. எங்களுக்கு முன் இருந்தவர்கள், பழைய துளையிலிருந்து எடுத்ததைக் கொட்டித் தரையைச் சமன் செய்திருக்கிறார்கள். “தம்பி, இத்தனை நாள் புதையல் மேலதான் குறட்டை விட்டிருக்கீங்க” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன்மேல் உட்கார்ந்து பூஜ்யம் வைத்தால், வெளியே எதைக் காட்டினாலும் முள் அசையாது.

ஆமையை எடுத்த அன்றும் அசையவில்லை. வெறும் கல், ஆமை மாதிரி இருக்கிறது, வாலுவுக்குப் பிடிக்கும் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். உன்னிடம் கொடுத்தபோதும் ‘சோதித்துவிட்டேன், சுத்தம்’ என்றேன்.

இன்று காலை மணலில் பூஜ்யம் வைத்து, அந்தக் கல்லை எடுத்த இடத்துக்குப் போனேன். மேலே எழுதியிருப்பது அந்த எண். சீஃப் வந்து பார்த்துவிட்டு என்னைக் கட்டிப் பிடித்தார். “அடிச்சுட்டடா! ஒன்பது மாசம் தேடினது உன் கையில சிக்கிடுச்சு!” எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு உன் போன கடிதம்தான் ஞாபகம் வந்தது. ஆமையைக் குளிப்பாட்டுகிறாள், நக்கிப் பார்த்து “உப்பு” என்கிறாள், ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, பல் முளைக்கிறது போல என்று எழுதியிருந்தாய்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சின்னக் கல், இரண்டு மாதம். பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் வருகிறது. வாயில் போனதுதான் கணக்கில் அடங்கவில்லை. என் கணக்கை நம்பவும் இனி எனக்குத் தைரியம் இல்லை. டாக்டரிடம் கூட்டிப் போ. கல்லைப் பற்றிச் சொல், மறைக்காதே. அவர் சிரித்தாலும் விடாதே.

ரேடியோவில் தலைமை அலுவலகத்தைப் பிடித்து, உனக்குத் தகவல் சொல்லச் சொன்னேன். “கல்லைத் தூக்கி வெளிய வைக்கணும், அவ்வளவுதானே? வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாதா சார்?” என்றார் எழுத்தர். சொன்னாரா இல்லையா தெரியவில்லை. இப்போது கிளம்பும் சின்ன விமானத்தில் எனக்கு இடமில்லை. சமையல்காரருக்குக் கால் முறிந்து, இரண்டு இருக்கையிலும் நீட்டிப் படுத்திருக்கிறார். விமானி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.

இனி நான் செய்யப்போவது:

1. இதை விமானியின் சட்டைப்பையில் நானே வைத்துப் பொத்தான் போடுவேன்.

2. சாயங்காலம் எழுத்தரை மறுபடி பிடித்து, சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைப்பேன்.

3. பூஜ்யம் எங்கே வைத்தேன் என்று சீஃபிடம் சொல்வேன். இன்னும் சொல்லவில்லை. ஐந்து மாத வரைபடம் குப்பைக்குப் போகும், வேலையும் போகலாம். போகட்டும்.

4. வியாழக்கிழமை விமானத்தில், லீவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், கவுண்ட்டரோடு ஏறுவேன்.

5. தெருமுனை மைதானத்தில் நின்று பூஜ்யம் வைப்பேன். அதன்பிறகுதான் வீட்டுக்குள் வருவேன். முதலில் தலையணை, பிறகு அவள் கை.

6. கவுண்ட்டரை ஒரு நிமிடம் ஆடாமல் பிடிக்க வேண்டும். நான் என்றைக்கும் முழு நிமிடம் பிடித்ததில்லை. அன்று பிடிப்பேன். அவள் கையை நீ பிடித்துக்கொள், அம்மா கை என்றால் ஆட்டமாட்டாள். முள்ளைப் பார்க்காதே, என் முகத்தையும் பார்க்காதே. அவளையே பார்த்துக்கொண்டிரு.