இன்னும் மீன் விடாத தொட்டி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாயாடி எழுதுகிறேன். நீயும் அத்தானும் சௌக்கியமாக இருக்க வேண்டும். என் சௌக்கியத்தை முதல் வரியிலேயே எழுதினால் அது பொய்யாகிவிடும். அதனால் அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்.

போன தடவை போனில், "என்னடி, மீன் விட்டாச்சா இல்லியா? ரெண்டு மாசமா வெறும் தண்ணியையா பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே?" என்று கேட்டுச் சிரித்தாய். "தண்ணி இன்னும் பழகலக்கா" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவரும் சிரித்தார். நீ என்னோடு பேசும்போதெல்லாம் போன் ஸ்பீக்கரில்தான் இருக்கும். உனக்கு அது தெரியாது. நீ கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலை இப்போது எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

எங்கள் இரண்டாவது கல்யாண நாளன்று இவர் அந்தக் கண்ணாடித் தொட்டியை வாங்கி வந்தார். மூன்றடி நீளம், மேலே விளக்கு, அடியில் பரப்பக் கூழாங்கல், தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு பில்டர் மோட்டார். "பகல் பூரா தனியா இருக்கே, பொழுது போக வேணாமா" என்றார். தனியாக இருப்பது யாரால் என்று நான் கேட்கவில்லை. போட்டோ அனுப்பினாரே, அதைப் பார்த்துவிட்டு "குடுத்து வச்சவடி நீ" என்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அக்கா, இவர் காலையில் வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகிறார். பாதுகாப்புக்காம். திருடன் வரக் கூடாது என்று வீட்டுக்காரியை உள்ளே வைத்துப் பூட்டும் அதிசயத்தை இந்த நாலாவது மாடியில்தான் பார்த்தேன்.

அன்றைக்கே குழாய்த் தண்ணீரை நிரப்பி, சாயங்காலமே நாலு கோல்டு ஃபிஷ்ஷை விட்டோம். நான்தான் எட்டு வருஷம் மருந்துக்கடையில் வேலை பார்த்தவளாயிற்றே, சுத்தம் என்றால் எனக்குப் பைத்தியம் என்று உனக்குத் தெரியும். கூழாங்கல்லைக் கிருமிநாசினி போட்டுக் கழுவினேன். பில்டருக்குள் இருக்கும் பஞ்சைக் காலையும் மாலையும் குழாயடியில் பிழிந்து பிழிந்து அலசினேன். மூன்றாம் நாள் நாலும் மேலே மிதந்தன. இவர் ஒன்றும் கத்தவில்லை. "நாலு மீனக் காப்பாத்தத் தெரியல. நீ மறுபடி மருந்துக்கடைக்குப் போயி யாரைக் காப்பாத்தப் போறே?" என்று மட்டும் கேட்டார். வேலைக்குப் போகிறேன் என்று அதற்கு முந்தின வாரம்தான் வாயைத் திறந்திருந்தேன். என் சான்றிதழெல்லாம் இவர் அலமாரியில் இருக்கிறது, சாவி இவர் இடுப்பில்.

அந்த மீன்கள் செத்ததில்தான் எனக்கு வழி பிறந்தது. பாவம், அதை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை. மீன் விற்ற கடைக்கே என்னைக் கூட்டிப்போனார். நாலு மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் தெருவில் கால் வைத்தேன். கடைக்காரம்மா ஐம்பது வயசுக்காரர், முழங்கை வரை எப்போதும் ஈரம். நான் பஞ்சைக் கழுவின கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இதென்னம்மா ஆபரேஷன் தியேட்டரா? அந்தப் பஞ்சுல இருக்கற நல்ல கிருமிதான் மீனோட கழிவைத் தின்னு தண்ணிய விஷமாகாமப் பாத்துக்குது. நீ அதையெல்லாம் கொன்னுட்டியே" என்றார். மீன் விடாமல் மோட்டாரை மட்டும் ஓட்டி, தினமும் ஒரு சிட்டிகை மீன்தீனி போட்டு, ஒரு மாசமாவது தண்ணீரைப் பழக்க வேண்டுமாம். வாரம் ஒரு தடவை ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டு வந்தால் சோதித்துச் சீட்டு எழுதித் தருவாராம்.

அன்று முதல் ஒவ்வொரு வெள்ளியும் எனக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. கடையில் மீனுக்குப் போடும் உயிர்ப்புழு விற்கிறார்கள், அந்தக் கவுச்சி இவருக்கு ஆகாது, குமட்டும். அதனால் எதிரே இருக்கிற காபிக்கடையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். மீன் வாங்கிக் கொடுத்த மகராசனுக்கு மீன் வாடை ஆகாது! நல்லவேளை.

எந்த மீன் விடுவது என்பதில் எங்களுக்குள் ஒரு பஞ்சாயத்து. இவருக்கு ஃபைட்டர் மீன் வேண்டும். நல்ல நீலம், பாவாடை மாதிரி வால். ஆனால் அதைத் தனியாகத்தான் விட வேண்டும். "ஒண்ணே ஒண்ணு, அழகா, அமைதியா இருக்கும்" என்றார். எனக்கு நியான் டெட்ரா பிடித்திருந்தது. சுண்டுவிரல் நீளம்கூடக் கிடையாது, உடம்பில் நீலமும் சிவப்புமாய் ஒரு கோடு. ஆறுக்குக் குறைந்தால் பயந்து மூலையில் ஒடுங்கிவிடுமாம், சாப்பிடாதாம். அதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். இந்த வீட்டில் நான் ஜெயித்த ஒரே வழக்கு அது.

ஐந்தாவது வாரம் தண்ணீர் பழகிவிட்டது, அக்கா. சோதனைக் குழாயின் நிறத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கடைக்காரம்மா சந்தோஷமாகச் சீட்டு எழுதினார். "மீன் விட்டாச்சுன்னா அப்புறம் கடைக்கு என்ன வேலை?" என்று இவர் முன்பே சொல்லியிருந்தார். நான் அந்தச் சீட்டைக் கையில் வாங்காமல், "இன்னும் சரியாகலன்னு எழுதிக் குடுங்களேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்தார், கடைக் கண்ணாடி வழியாக எதிரே காபிக்கடையில் இருந்தவரைப் பார்த்தார். சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். அப்படியே நாலு வாரம் ஓட்டிவிட்டோம். நல்ல தண்ணீர், ஓடுகிற மோட்டார், எரிகிற விளக்கு, மீன் மட்டும் இல்லை. நீ கேட்டதற்குப் பதில் இதுதான்.

போன மாசம் உனக்கு ஒரு புது நம்பரிலிருந்து போன் வந்ததே, யாரும் பேசவில்லையே, அது நான். கடைக்காரம்மாவின் போன். நீ "ஹலோ, யாரு?" என்றதும் "நல்லா இருக்கேங்க்கா" என்றுதான் வாய் வரை வந்தது. இரண்டு வருஷப் பழக்கம். வெட்கமாகிப்போய் வைத்துவிட்டேன். எழுதினால் வாய் குறுக்கே வராது என்று இந்தக் கடையின் பின்பக்கம் முக்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணியாகிறது. மீதியை அடுத்த வெள்ளி எழுதுவேன். அதுவரை இது இங்கேயே மீன்தீனி டப்பாவுக்கு அடியில் பத்திரமாக இருக்கும்.

அக்கா, ஒரு வாரம் ஆகிவிட்டது, வேகமாக எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை இவர் ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்தார். தண்ணீரை வீட்டிலேயே சோதிக்கிற சொட்டு மருந்து. மேஜைமேல் வைத்து இவரே சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தது. "கடைக்காரி ஏமாத்தறா, நீயும் தலையாட்டிட்டு வர்றே" என்றார். நான் அந்தச் சோதனைக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கு மீனோடுதான் திரும்ப வேண்டும் என்று சொல்லித்தான் அழைத்து வந்தார்.

நான் எட்டு வருஷ மருந்துக்கடை மூளையைத் தட்டி, புது மீனை நோய் இருக்கிறதா என்று ஒரு வாரம் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும் என்றேன். கடைக்காரம்மா எதிரே காபிக்கடைக்கே போய், "ஆமா சார், இல்லாட்டி மொத்தமும் போயிரும்" என்று இவரிடம் அடித்துச் சொன்னார். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். ஆறு டெட்ராவைத் தேர்ந்தெடுத்துத் தனித் தொட்டியில் விட்டாயிற்று. அடுத்த வெள்ளி காலை பதினோரு மணிக்கு வந்து வாங்கிப் போக வேண்டும். அதற்குப் பிறகு எனக்கு வெள்ளிக்கிழமை கிடையாது.

கடிதம் நாலு நாளில் உன் கையில் இருக்கும் என்கிறார் கடைக்காரம்மா. இரவு பஸ் ஏறினால் காலையில் வந்துவிடலாம். இந்தக் கடைக்குப் பின்கதவு ஒன்று இருக்கிறது, நீலப் பெயிண்ட் அடித்தது, அது வேறு தெருவில் திறக்கும். முகவரி உறையின் பின்னால் இருக்கிறது. தயவு செய்து இவருக்குப் போன் போட்டு "என்ன மாப்ளே, நிஜமா?" என்று மட்டும் கேட்டுவிடாதே. தேனொழுகப் பேசுவார், நீ நம்பிவிடுவாய். பெண் பார்க்க வந்த அன்றைக்கே "தங்கமான பையன்" என்றவள் நீதானே. உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, அதை மறைக்கவில்லை. இப்போது நீ வந்தால் போதும். சான்றிதழ் இருக்கிற இடத்திலேயே கிடக்கட்டும், நகல் வாங்கிக்கொள்ளலாம்.

பதினொன்றரை வரைக்கும் எதையாவது பேசி இழுத்தடிப்பேன். வாயாடி என்று பேர் வைத்தவள் நீ, அது என்னால் முடியும். அதற்கு மேல் மீனைப் பையில் போட்டுக் காற்றடைத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள், நான் முன்வாசல் வழியாகப் போயாக வேண்டும். அக்கா, அந்தப் பையை என்னை வாங்க விடாதே.

நீலக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் வாயாடி