சென்னையில வீடு பார்க்கறதுக்கு முன்னாடி

வாஷி ஆபீஸ்லேர்ந்து நான் வர லேட்டாகும். மோர்க்குழம்பை நீங்களே சூடு பண்ணிக்கோங்கோ. சாமான் ஏத்தற கம்பெனி ஆள் சாயங்காலம் வருவான், பரணையும் காட்டிடுங்கோ.

என்னைக் கேக்காமலே சென்னை மாத்தலுக்குச் சரின்னுட்டேள். கோபமெல்லாம் இல்லை, ஒண்ணுமே தோணலை. வீடு பார்க்கறச்சே மொட்டை மாடிக்கு நேர் கீழ மட்டும் வேண்டாம், வெந்து போயிடுவோம். கோடையில தண்ணி லாரி வருமான்னும் கேட்டுக்கோங்கோ.

அம்முவைத் தமிழ் டியூஷன்ல இப்பவே சேர்க்கணும். அங்க ஸ்கூல்ல கட்டாயமாம்.

பி.கு.: அவளுக்குத் தமிழ் படிக்க வராதுங்கற தைரியத்துலதான் இத்தனை வருஷமா நம்ம சண்டையை எல்லாம் எழுதி இந்த ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டிண்டிருந்தோம். இனிமே அவளும் படிப்பா. வாயாலதான் போட்டுக்கணும். எனக்கு அந்தப் பழக்கமே விட்டுப் போச்சு.