நடக்காத நான்காவது ஆட்டம்

"சார், புதுசா ஒரு கால்பந்து டீம் ஆரம்பிக்கிறோம். சம்பளம் குடுத்து ஆட வைக்கிற டீம். எந்த ஊரு தாங்கும்னு நீங்க சொல்லுங்க."

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில், வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் ஒருவன் என்னிடம் இப்படிக் கேட்டான். என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவன். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. கிள்ளான், காஜாங், பெட்டாலிங் ஜெயா என்று ஒரு தாளில் ஊர்ப் பெயர்களை எழுதி வைத்திருந்தான். நான் யோசிப்பதைப் பார்த்து அவனே தொடர்ந்தான்.

"ரயில்வே அங்கிள் எப்பவும் சொல்வாரே சார். ஜப்பான்காரன் காலத்துலயே நீங்க ரெண்டு பேரும் கிள்ளான்ல ஒரு டீம் வச்சு ரெண்டு வருஷம் ஓட்டுனீங்கன்னு. அந்தப் பஞ்சத்துலயே தாங்குன ஊரு, இப்ப தாங்காதா லா?"

ரயில்வே அங்கிள் என்று அவன் சொன்னது உன்னைத்தான். நீ போய் ஆறு மாதம் ஆகிறது. மோரைக் குடித்துவிட்டு, இலையை மடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவனுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. ஐம்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லாமல் விட்டது.

இதே கேள்வியை நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது நாற்பத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில். நமக்கு இருபது வயது. ஒரே பள்ளியில் படித்து, ஒரே குழுவில் ஆடியவர்கள். நீ பிரிக்பீல்ட்ஸில் ரயில் எஞ்சினுக்கு விறகு போடும் வேலைக்குப் போனாய். நான் கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் வாத்தியாரானேன். வெள்ளைக்காரன் ஓடிப்போனதோடு ஊர்க் குழுக்களும் கலைந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் மேட்டில் உட்கார்ந்து அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டே, இல்லாத குழுவுக்கு ஊர் தேடுவோம். நம் குழுவில் ஆடுகிறவனுக்குச் சம்பளம் உண்டு என்று முடிவு செய்திருந்தோம். ஆட்டம் முடிந்ததும் ஒரு தட்டுச் சோறு. கிழங்கு கலக்காத சோறு. அந்த நாளில் அதைவிடப் பெரிய சம்பளம் யாருக்கும் தோன்றாது.

"செந்தூல்?" என்றேன் நான்.

"திடல் பூரா மரவள்ளி நட்டுட்டாங்க. பந்து செடிக்குள்ள போனா கிழங்கோடதான் வெளிய வரும்."

"காஜாங்?"

"அங்கேருந்து ஆளு வந்து சேர்றதுக்குள்ள ஜப்பான் மணியும் முடிஞ்சிரும், நம்ம மணியும் முடிஞ்சிரும்." கடிகாரத்தை எல்லாம் ஜப்பான் நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொல்லியிருந்த காலம் அது.

"தெலுக் பங்லிமா காராங்?"

"ஊரு பேரச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஹாஃப் டைம் வந்துரும், போ."

கடைசியில் இரண்டு ஊர்கள்தான் மிஞ்சின. உனக்குப் பிரிக்பீல்ட்ஸ். எனக்குக் கிள்ளான்.

எடுத்துக்காட்டு இல்லாமல் எனக்குப் பேசத் தெரியாது என்று நீ கேலி செய்வாய். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முக்காலிக்கு மூன்று கால் வேண்டும், இல்லையா? குழு நிற்பதற்கும் மூன்று வேண்டும் என்றேன். ஆட ஒரு திடல், ஆடியவனுக்குச் சோறு, பார்க்க ஒரு கூட்டம். கிள்ளானில் மூன்றும் இருந்தன. திடலில் இன்னும் கிழங்கு நடவில்லை. ஜவுளிக்கடை காதர் அண்ணே சோறு போட ஒப்புக்கொண்டிருந்தார். சுற்றிலும் தோட்டங்கள்; ஞாயிற்றுக்கிழமை போக வேறு இடம் இல்லாத சனங்கள்.

நீ கிழங்குத் தோலை உரித்துக்கொண்டே கேட்டாய். "நாலாவதா ஒன்ன விட்டுட்டியே வாத்தியாரே. இந்த வாரம் ஆடுனவன் அடுத்த வாரமும் இருக்கணும்ல?" பிறகு உன் கையில் கட்டியிருந்த துணிப் பட்டையைத் தட்டிக் காட்டினாய். ஜப்பான் எழுத்து போட்ட ரயில்வே பட்டை. "இது இருக்கறவன லோரில ஏத்த மாட்டான். பிரிக்பீல்ட்ஸ்ல பதினோரு பேருக்கும் இது இருக்கு. உன் தோட்டத்துல எத்தன பேருக்கு இருக்கு?"

சில தோட்டங்களுக்கு லோரி வந்து வாலிபர்களை வேலைக்கு ஏற்றிப் போனதாக அப்போதே பேச்சு இருந்தது. நானும் கேட்டிருந்தேன். ஆனால் வாதத்தில் பாதி வழி வந்துவிட்டவனுக்குக் காது கேட்காது.

"நீ டீமுக்கு ஆளு தேடுறியா, கைப்பட்டைக்கு ஆளு தேடுறியா?" என்றேன்.

நீ கிழங்கு புரையேறும் அளவுக்குச் சிரித்தாய். "சரி சரி, உன் ஊருக்கே விட்டுக் குடுத்தேன்" என்றாய். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே ரயில் ஏறினேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போருக்கு முந்திய ஊர்க் குழுக்களில் ஒரு வழக்கம் இருந்தது, உனக்குத் தெரியும். எந்த ஊரில் ஒருவன் படுத்து எழுகிறானோ அந்த ஊருக்குத்தான் ஆடலாம். அதைப் பார்த்துக்கொள்ள அப்போது சங்கமும் இல்லை, ஆளும் இல்லை. நம்மை எதிர்த்து ஆட ஒப்புக்கொண்டவர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் காப்பார்ப் பக்கத்துத் தோட்டத்து ஆட்களும்தான். நீ எந்த ஊரில் படுக்கிறாய் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்குப் பொருட்டாக இருந்தது. வகுப்பறையில் கோடு போட்டே பழகியவன் நான்.

அடுத்த ஞாயிறு மேட்டில் உட்கார்ந்து உன்னிடம் சொன்னேன். "நீ ரயில்ல வந்து ஆடிட்டுத் திரும்பிப் போனா வெளியூரு ஆளு. காப்பார்காரன் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"சண்ட நடக்குது வாத்தியாரே. எவன் கேக்கப் போறான்?"

"கேக்காட்டியும் ரூல் ரூல்தான்."

நீ ஒன்றும் சொல்லவில்லை. தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நீ என்ன யோசிக்கிறாய் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, விறகு லோரியின் பின்னால் தொற்றிக்கொண்டு தோட்டத்துக்கு வந்து இறங்கினாய். கையில் ஒரு துணி மூட்டை. "வந்துட்டேன். புல்லு வெட்டுற வேல கேட்டிருக்கேன், தோட்டத்து ஆபீஸ் கெராணி தரேன்னு சொல்லிட்டாரு. இனிமே நானும் இந்த ஊரு ஆளு." உன் கையைப் பார்த்தேன். பட்டை இருந்த இடத்தில் தோல் மட்டும் வெளுத்து, வளையம் போலத் தெரிந்தது. "வேலய விட்டா பட்டையத் திருப்பிக் குடுக்கணுமாம். குடுத்துட்டேன்" என்றாய்.

அதற்கு நான் சொன்னது எனக்கு ஓர் எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. "நல்லது. இப்ப ரூல்படி எல்லாம் சரியா இருக்கு."

மூன்று ஆட்டங்கள் ஆடினோம். சட்டைக்குத் துணி கிடைக்காமல் பெண்கள் சாக்கை உடுத்திய காலம். காதர் அண்ணே தன் கடையின் காலி அலமாரிகளைத் துழாவி, சன்னல் திரைக்கென்று யாரோ போருக்கு முன் கேட்டு வாங்காமல் போன பூப்போட்ட துணியைக் கண்டெடுத்தார். அதில் பதினொரு சட்டை. முதல் ஆட்டத்தில் நாம் இறங்கியதும் மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவன் கத்தினானே: "டேய், யாரு வீட்டு சன்னல்டா அவுந்து ஓடியாருது?" திடல் முழுக்கச் சிரித்தது. அன்று தோற்றோம். இரண்டாவது ஆட்டம் சமம். மூன்றாவதில் காப்பாரை வென்றோம். இடது பக்க ஓரத்திலிருந்து நீ அடித்த பந்து. ரப்பர்ப் பால் பூசி ஒட்டுப்போட்ட அந்தப் பந்து நேராகவே போகாது. நீ அதன் கோணலையும் சேர்த்துக் கணக்குப் போட்டு அடித்தாய். சோற்றுத் தட்டைக் கையில் கொடுத்தபோது காதர் அண்ணே, "உனக்கு மட்டும் அடியில கருவாடு வச்சிருக்கேன், மூச்சு விடாத" என்று உன் காதில் சொன்னார். நீ அதை எடுத்து எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்துவிட்டு, "மன்னிச்சிருங்கண்ணே, மீனு மூச்சு விட்டுருச்சு" என்றாய்.

நான்காவது ஆட்டத்துக்கு மூன்று நாள் இருந்தபோது, பெயர் கூப்பிடும் காலைப் பிரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்கையில் லோரிகள் வந்தன. கல்யாணம் ஆகாத ஆண்கள் எல்லாம் ஏற வேண்டும். சயாமில் ரயில் பாதை போடும் வேலை, மூன்றே மாதம், திரும்பி வந்துவிடலாம் என்றார்கள். நம் குழுவில் ஐந்து பேர் ஏறினார்கள். ஐந்தாவது நீ. நான் ஏறவில்லை. பிள்ளைகளுக்கு ஜப்பான் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் என்று என்னை விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லோரி திரும்பும்போது நீ கத்தினாய்: "ஞாயித்துக்கெழம ஆட்டத்த மட்டும் நிறுத்திராத வாத்தியாரே! நான் வர்றவரைக்கும் ஓட்டிக்கிட்டிரு!"

அந்த ஞாயிறு நம் பக்கம் ஆறு பேர் வந்தோம். காப்பாரிலிருந்து நாலு பேர் வந்தார்கள். அங்கேயும் லோரி போயிருந்தது. பத்துப் பேரும் திடலின் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். யாரும் பந்தைத் தொடவில்லை. காதர் அண்ணே சமைத்த சோற்றைப் பங்கிட்டு, லோரியில் போனவர்களின் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பூப்போட்ட சட்டைகளைப் பிரித்து அந்த வீட்டுப் பெண்களுக்கு இரவிக்கை தைத்துக்கொள்ளக் கொடுத்தார் அவர். கிள்ளான் குழு அன்றோடு முடிந்தது.

நாற்பத்தைந்தின் கடைசியில், நீ வந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டுப் பிரிக்பீல்ட்ஸில் உன் அக்கா வீட்டுக்கு ஓடி வந்தேன். போன ஐந்து பேரில் நீ ஒருவன்தான் திரும்பினாய். உன்னை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சயாமில் பிடித்த புண்ணுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே துணி சுற்றியிருந்தது. அக்கா துணியை மாற்றும்போது எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ என்னை உட்காரச் சொல்லிவிட்டு முதலில் கேட்டது இதைத்தான்.

"நாலாவது ஆட்டம் என்னாச்சு?"

ஒரு நொடிதான் இருந்தது எனக்கு. "ஜெயிச்சோம். ரெண்டுக்கு ஒண்ணு" என்றேன்.

"அடிச்சது யாரு?"

அங்கிருந்து திரும்பி வர எனக்கு வழி தெரியவில்லை. ஒரு பெயரைச் சொன்னேன். பிறகு ஐந்தாவது ஆட்டம், ஆறாவது ஆட்டம், மழையில் நின்றுபோன ஆட்டம் என்று இரண்டு வருடத்தையும் நிரப்பினேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். முடிவில் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "பாத்தியா, ஊரு தாங்கிருச்சு. நீ சொன்னதுதான் சரி வாத்தியாரே. நான்தான் கைப்பட்டை அது இதுன்னு பயந்தேன்."

நீ என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கால் ஒருவாறு ஆறிய பிறகு ரயில்வே உன்னை மறுபடி சேர்த்துக்கொண்டது, கேட் மூடித் திறக்கும் வேலைக்கு. நொண்டிக்கொண்டே முப்பது வருடம் அந்த வேலையைச் செய்தாய். கல்யாண வீடு, காதுகுத்து, கோயில் வாசல் என்று எங்கே போனாலும் யாரிடமாவது நம் குழுவின் கதையைச் சொல்வாய். "வாத்தியாரு அன்னைக்கே சொன்னாரு, கிள்ளான் தாங்கும்னு. கேட்டுப் பாருங்க." எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் தலையை ஆட்டுவேன். காதர் அண்ணே போருக்குப் பின் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். மற்றவர்கள் ஆளுக்கொரு திசையில் சிதறிவிட்டார்கள். வேறு யாராவது உன்னிடம் உண்மையைச் சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். இரண்டு வருடம் ஓடியது என்பாய்; ஆனால் ஆட்டம் ஆட்டமாகச் சொல்லும்போது எப்போதும் மூன்றாவதோடு நிறுத்திவிடுவாய். நான்காவதைப் பற்றி அந்த ஒரு நாளைக்குப் பிறகு நீ என்னிடம் கேட்டதே இல்லை. தெரிந்துதான் கேட்காமல் விட்டாயா, தெரியாமலே போனாயா?

நீ ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரத்தில் மூன்று முறை வந்தேன். மூன்று முறையும் சொல்லிவிடத்தான் வந்தேன். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

இப்போது சொல்கிறேன். நான்காவது ஆட்டம் நடக்கவில்லை. ஊர் தாங்கவில்லை. நீ கையைத் தட்டிக் காட்டிச் சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு. அந்தப் பட்டையை நீ கழற்றியது என் வாதத்துக்காக. உன் காலை நொண்டியாக்கியது சயாம் என்று ஊர் சொல்லும். அதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

நீ சயாமிலிருந்து திரும்பிய பிறகு நாற்பது வருடம் பாடம் நடத்தினேன். எத்தனையோ பேர் என் பேச்சுக்குச் "சரி சார்" என்று தலையாட்டியிருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்ட ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஒரு பயம் வந்து போகும். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நீ பேசாமல் இருந்த அந்தச் சில நிமிடங்கள்தான் அந்தப் பயம். அது என்னோடுதான் இருக்கிறது. இனி இறக்கி வைக்க இடமும் இல்லை.

இந்த மடலை வேறு யாராவது படிக்க நேர்ந்தால், அவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த தடவை உங்கள் நண்பர் உங்கள் பேச்சுக்கு "சரி" என்று சொன்னால், அதற்காக அவர் எதை விட்டுவிட்டு வரப்போகிறார் என்று அங்கேயே, அப்போதே கேளுங்கள்.