பாட்டுக்குள் கேட்ட கதவு

பாப்பாவுக்கு,

உன் பாட்டுக்கு அனிமேஷன் செய்யும் வேலை பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஸ்டூடியோவுக்கே வந்திருக்கிறது. உனக்குத் தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டாய். நீ என் மகள் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

கனவு மாதிரி இருக்க வேண்டுமாம். போர்ட் கிள்ளான் கடலுக்கு அடியில், மூழ்கிய கன்டெய்னர்கள் மேல் ஒரு பெண் பாடிக்கொண்டே நடக்கிறாள். அவள் வாயசைவை உன் குரலோடு பொருத்த ஒரே வரியை நூறு முறை கேட்டேன். அப்போதுதான் இரண்டாவது சரணத்துக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக்.

வீட்டில் உன் அறைக்குள் நீ இந்தப் பாட்டைப் பாடிப் பதிவு செய்த அன்று கதவைத் தட்டியது நான்தான். தட்டிவிட்டு என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுதமாட்டேன். மறுநாள் நீ வீட்டை விட்டுச் சுபாங் ஜெயாவுக்குப் போய்விட்டாய்.

டைரக்டர் சிவேந்திரனுக்கும் கேட்டுவிட்டது.

“என்னக்கா அது, நாய்ஸா? கட் பண்ணிடலாம் லா.”

“வேணாம். பாடுன பொண்ணு வேணும்னேதான் விட்டிருக்கு.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

எனக்கா தெரியாது? ஒரு ஸ்ருதி பிசகினாலே இருபது தடவை திரும்பப் பாடுகிறவள் நீ.

அந்தத் தட்டலுக்காகக் கடல் நடுவே ஒரு கதவை வைத்திருக்கிறேன். இன்று ஐந்து மணிக்குப் படம் உன் பார்வைக்கு வரும். வேண்டாமென்றால் சொல், எடுத்துவிடுகிறேன். கதவுக்கு வெளியே நின்று தட்டுகிறவளுக்கு முகம் வரையவில்லை. கைப்பிடி உன் பக்கம் மட்டும்தான் இருக்கிறது.

அம்மா