நரி முகத்தில் விழித்த நாள்

இன்று விடியக் கிணற்றடிக்குப் போனபோது பலாப்பழ மணம் மூக்கில் அடித்தது. விழுந்து வெடித்துக் கிடந்த பழத்துக்குள் தலையை விட்டுத் தின்றுகொண்டிருந்த நரி, நிமிர்ந்து என்னைப் பார்த்தது. ஓடவில்லை. ஆறுதலாக, அவசரமில்லாமல் உன் வளவுப் பக்கம் நடந்து போனது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதற்கு உன் வளவுதான் வழி. எனக்கு உடனே உன்மேல் கோபம் வந்தது. செத்தவர்களோடு கோபிக்கக்கூடாது என்பார்கள். நீ உயிரோடு இருந்தபோது கோபித்து முடியவில்லையே, நான் என்ன செய்ய?

ஒரே வகுப்பில் படித்து, சண்டிலிப்பாயில் அடுத்தடுத்த வளவுகளுக்கு மணமுடித்து வந்து, இளவயதிலேயே தாலியும் இழந்தவர்கள் நாம். நடுவில் கிளுவை வேலி. அதில் ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு பொட்டு. வருஷா வருஷம் ஓலை மாற்றி வேலி அடைக்கும்போதும் அந்த ஓட்டையை விட்டுத்தான் அடைப்போம். கறிவேப்பிலை, நெருப்புப்பெட்டி, ஊர்க்கதை எல்லாம் அதற்குள்ளால்தான் போய்வந்தன. உன் மகனும் அதற்குள்ளால்தான் வருவான். உன் வீட்டுக்குள் முட்டைக் கோதுகூட வரக்கூடாது. அவனோ என் குசினியில் முட்டைப்பொரியல் தின்று, வாயைக் கழுவிக்கொண்டு நல்ல சைவப் பிள்ளையாக உன்னிடம் திரும்புவான். உனக்கு அது தெரியும், தெரியாதவள் போல இருந்தாய். எனக்குப் பிள்ளை இல்லை. அவனும் என் கோழிகளும்தான்.

சண்டைக்குப் பயந்து கோயிலில் போய் இருந்துவிட்டு நாம் ஊர் திரும்பிய வருஷம், பனங்கூடலில் கிடந்த நரிகளுக்குப் பயம் விட்டுப் போயிருந்தது. முதலில் பலாப்பழத்துக்குத்தான் வந்தன. பொட்டடியில் நின்று பார்த்துச் சிரித்தோம். "நரியின்ரை முகத்தில முழிச்சிருக்கிறாய், இண்டைக்கு உனக்கு யோகம்தான்" என்றாய். அடுத்த கிழமை என் முட்டைக்கோழி ஒன்றைக் காணவில்லை. பிறகு இன்னொன்று. உன் பின்வேலியால் நுழைந்து, நம் பொட்டுக்குள்ளால் என் வளவுக்கு வருகிறது என்பது குருடனுக்கும் தெரியும். ஆனால் பொட்டை அடைக்க முடியாது. நம் ஊரில் பொட்டை அடைத்தால் உறவை அடைத்ததாகத்தான் பொருள், யார் முதலில் அடைத்தது என்று ஒழுங்கை வீடுகள் முழுக்கக் கதை போய்விடும். நீ அடைப்பாய் என்று நான் பார்த்திருந்தேன். நீயும் அப்படித்தான் பார்த்திருக்கிறாய் என்று நினைத்தேன். நரிக்கு வேறு என்ன வேண்டும்.

அதற்குள் ஆமி சுற்றிவளைத்து உன் மகனைப் பிடித்துக்கொண்டு போனது. முகாம் வாசலில் நானும் உன்னோடு வெயிலில் நின்றேன். நல்லூர் முருகனுக்கு நீ வைத்த நேர்த்தியை நானும் வைத்தேன். அந்த நாட்களில் ஒரு காலை, பொட்டடியில் ஒரு சட்டியைக் கண்டேன். பழஞ்சோறும் பலாச்சுளையும் இருந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் நீ குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

"நரிக்கோ சோறு வைக்கிறாய்?" என்று கேட்டேன்.

"விடிய அதின்ரை முகத்தைக் கண்டால் நினைச்சது நடக்குமாம். பிள்ளை வந்தவுடனை நிப்பாட்டிப்போடுவன்."

"உன்ரை யோகத்துக்கு என்ரை கோழியளோ?"

நீ எழும்பிச் சேலையை உதறினாய். "கோழி போனால் இன்னொண்டை அடைவைச்சுப் பொரிக்கலாம். உது பெத்தவைக்குத்தான் விளங்கும்."

கோழிகளை விட்டிருப்பேன். உன் அந்தச் சொல்லை விடமாட்டேன். அன்று மத்தியானமே பொட்டுக்குக் கிளுவைக் கதியால் நட்டு, முள்ளும் வைத்துக் கட்டினேன். உன் நன்மைக்கும் வரமாட்டேன், தின்மைக்கும் வரமாட்டேன், நீ செத்தாலும் உன் வாசல் மிதிக்கமாட்டேன் என்று ஒழுங்கைக்கே கேட்கச் சொன்னேன்.

மகன் வந்தான். நரியோ நல்லூரானோ, யார் கொண்டுவந்து விட்டதோ தெரியாது. நீ புக்கை பொங்கி வீடு வீடாகக் கொடுத்து, என் படலையை மட்டும் தாண்டிப் போனாய். பிறகு அவனை வெளிநாட்டுக்கு அனுப்பினாய். புறப்படுகிற அன்று பொட்டு இருந்த இடத்தில் வந்து நின்றான். ஓலைக்குக் கீழால் அவனுடைய கால்களை மட்டும் கண்டேன். நீ கூப்பிட்டாய், அந்தக் கால்கள் திரும்பிப் போயின.

அதற்குப் பிறகு உன் செத்த வீட்டுக்குப் போகாமல் இருப்பதற்காகவே நான் உயிரோடு இருந்தேன் என்று சொல்லலாம். எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். உன் முற்றத்தில் பறை அடிக்கும்போது நான் முட்டை பொரிக்க வேண்டும். மணம் வேலி தாண்டி வந்து உன் தலைமாட்டில் நிற்க வேண்டும். அடுப்படியில் இருக்கிறபோதெல்லாம் இதை நினைத்து எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

தொண்ணூற்றைந்தில் திரும்பவும் சண்டை வந்து, ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. காற்றுக்காக வகுப்பறை வாசலோடு என் பாயைப் போட்டிருந்தேன். காய்ச்சலோடு உன்னைக் கொண்டுவந்து, வேறு இடமில்லாமல் எனக்குப் பக்கத்தில்தான் கிடத்தினார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒருநாள் பின்னேரம் நீயாகவே கேட்டாய்.

"கோழியளைத் திறந்துவிட்டிட்டு வந்தனியோ?"

"ஓம்" என்றேன். வேலியை அடைத்த பிறகு உனக்குச் சொன்ன முதல் சொல் அதுதான்.

"அப்ப நரிக்குத்தான் யோகம்" என்று சிரித்தாய். நானும் சிரித்துவிட்டேன். என்னைச் சிரிக்க வைத்ததற்கு உன்னை இன்னும் மன்னிக்கவில்லை.

அதற்கு அடுத்த கிழமை நீ போய்விட்டாய். வீடில்லை, முற்றமில்லை, பறையில்லை. நான் மிதிக்காமல் விடுவதற்கு உனக்கு ஒரு வாசல்கூட இருக்கவில்லை. உன் செத்த வீட்டில் உனக்கு முன்னரே நான் குடியிருந்தேன். மகன் தூரதேசத்தில். அழுவதற்கும் ஆளில்லாமல் நான்தான் அழுதேன், வாய்க்கரிசியும் நான்தான் போட்டேன். வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த பழியை ஒரு காய்ச்சலோடு அள்ளிக்கொண்டு போய்விட்டாய்.

ஊர் திரும்பியபோது உன் வீட்டுக்குக் கூரை இல்லை. ஒரு பக்கச் சுவர் விழுந்துவிட்டது, வாசல் நிலை மட்டும் அப்படியே நிற்கிறது. வேலியும் போனதால், நான் புதிதாக வாங்கிய கோழி உன் சாமியறையில் போய் அடைகிடந்தது. முட்டைக் கோது வரக்கூடாத அறையில் நேற்றுவரை குஞ்சுகள் கத்தின. என் பழியில் பலித்தது அது ஒன்றுதான். தீன் போட நான் உள்ளே போவதுண்டு, இடிந்த சுவரால்தான் போவேன். உன் வாசலை இன்றைக்கும் மிதிக்கவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான்.

நரி வந்துவிட்டதால் தாயையும் குஞ்சுகளையும் கடகத்தில் தூக்கிவந்து என் குசினியில் விட்டிருக்கிறேன். ஆனால் மிச்சப் பழத்தை நான் எடுத்து எறியவில்லை. விடிய நரி முகத்தைக் கண்டால் நினைத்தது நடக்கும் என்றாயே. பெறாதவளுக்கும் அது நடக்குமோ என்று பார்க்கத்தான், பொட்டு இருந்த இடத்தைப் பார்த்தபடியே நாள் முழுக்க வேலை செய்தேன். இப்போது பொழுது பட்டுவிட்டது. நீ வரவில்லை. வந்திருந்தாலும் முகம்கொடுத்துக் கதைத்திருக்கமாட்டேன்.