பச்சை வண்டியின் பிரேக்

லட்லோ, இங்கிலாந்து,
மார்ச், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி ரோட்னிக்கு,

அக்கா கிளெனிஸ் எழுதுகிறேன். நீயும் ஷீனாவும் சுகம்தானே? டாஸ்மேனியாவில் இப்போது வெயில் தணிந்திருக்கும். இங்கே மழை விட்டபாடில்லை. ஆற்றுத் தண்ணீர் பாலத்தின் வளைவை முட்டிக்கொண்டு ஓடுகிறது. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ கூப்பிட்டாலே உன் அத்தான் டெஸ்மண்ட் என் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார். அவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது.

நீயும் அவரும் பெட்டி பெட்டியாக உதிரிச் சாமான் வாங்கி உங்கள் கையாலேயே பூட்டிய அந்தப் பச்சை வண்டிதான் விஷயம். கதவுகூட இல்லாத கார், தகரமும் குழாயும்தான், ஆனாலும் அவருக்கு அதுதான் உலகம். ஆகஸ்டில் வருகிறேன், இரண்டு பேருமாக மலைப்பாதைப் பந்தயத்துக்குப் போகலாம் என்று கிறிஸ்துமஸ் அன்று நீ சொன்னாய் அல்லவா? மறுநாளே மூடுதுணியை எடுத்துவிட்டார். முன்சக்கரங்களின் உள்பக்கம் நனைந்திருந்தது. பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பர் இரண்டும் கசிந்தன.

கழற்றிப் பிரித்துப் பார்த்தார். உள்ளே ரப்பர் வளையங்கள் ஊறி உப்பிப்போயிருந்தன. ஒன்றை விரலில் வைத்து எனக்குக் காட்டினார். "இது தேய்ஞ்சு போனது இல்ல கிளெனிஸ். பிரேக் ஆயில் இருக்க வேண்டிய இடத்துல யாரோ என்ஜின் ஆயில ஊத்தியிருக்காங்க. அது பட்டா ரப்பர் இப்படித்தான் ஊதும்," என்றார். எவ்வளவு தெளிவாகச் சொன்னார் தெரியுமா? புது வளையங்கள் வரவழைத்து, குழாய்களையெல்லாம் கழுவி, புது ஆயில் ஊற்றிப் பூட்டினார். சில வாரங்களில் மறுபடி கசிவு. மறுபடி பிரித்தார், மறுபடி அதே உப்பல். சாமான் விற்றவரைத் திட்டினார். வண்டியைச் சோதித்துச் சான்று கொடுத்த ஒர்க்ஷாப்காரரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டார். அந்த மனிதர் பாவம், என்னிடம் தனியாக, "உங்க வீட்டுக்காரருக்கு எதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

பிறகு ஒரு நாள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என்ஜின் ஆயில் கேனைத் திறந்தார். புனலை வைத்து பிரேக் ஆயில் டப்பாவில் நிதானமாக ஊற்றினார். விளிம்பில் வழிந்த சொட்டைக்கூட எப்போதும்போல் துணியால் துடைத்தார். நான் கையில் உருளைக்கிழங்கோடு நின்றுகொண்டே இருந்தேன்.

அடுத்த முறை கசிந்தபோது அவர் கத்தவில்லை. மேஜை எதிரில் வந்து உட்கார்ந்தார். "இந்த வீட்டுல நாம ரெண்டு பேர்தான் இருக்கோம். நான் ஊத்தல. நீ ஊத்தினியா?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன், ரோட்னி. நான் இல்லை என்று சொன்னால் மிச்சம் இருப்பது யார் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. பயந்துபோயிருந்தார். "நான்தான். குறைஞ்சிருக்கேன்னு ஊத்திட்டேன். தெரியாமப் பண்ணிட்டேன்," என்றேன்.

அவருக்கு உயிர் வந்தது. "உன்னக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து சொல்றேன், கார் பக்கம் வராதேன்னு," என்று சிரித்தார். அன்று எனக்கு அவரே டீ போட்டுக் கொடுத்தார். மறுநாள் கராஜ் கதவில் ஓர் அட்டை தொங்கியது: கிளெனிஸ் உள்ளே வரக் கூடாது. பால்காரர் அதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறார். நானும் கூடச் சிரிக்கிறேன்.

ஆனாலும் பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற இன்னொரு ஆள் வேண்டுமே. அதற்கு மட்டும் எனக்கு அனுமதி உண்டு. அவர் கீழே சக்கரத்தருகே படுத்துக்கொண்டு சொல்லச் சொல்ல நான் பெடலை மிதிக்க வேண்டும். போன வாரம் "அழுத்து" என்றார், அழுத்தினேன். "பிடி" என்றார், பிடித்துக்கொண்டேன். "விடு" என்ற சத்தம் வரவில்லை. கால் மரத்துப்போயிற்று. விட்டால் காற்று உள்ளே போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து கெட்டில் விசில் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கதவருகே வந்து நின்று, "அதுல உக்காந்துக்கிட்டு என்ன பண்ற? டீ ஆறுது பாரு," என்றார்.

செவ்வாயன்று நான் மளிகைக்குப் போயிருந்தபோது வண்டியை வெளியே எடுத்துவிட்டார். பாலத்துக்கு இறங்கும் சரிவில் பெடல் தரையோடு போய்விட்டது. கீழே குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். கைபிரேக்கை இழுத்து, வேலிப் புதருக்குள் விட்டிருக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் கன்னத்தில் முள் கீறல் மட்டும்தான். அந்தப் பெண்ணே அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். அவள் போனதும் என்னைப் பார்த்து, "மறுபடியும் ஊத்தினியா?" என்று மெதுவாகக் கேட்டார். இந்த முறை சிரிக்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். அதிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

டாக்டரிடம் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். ரிப்பேர் காருக்குத்தான், தனக்கு இல்லை என்கிறார். கார் சாவியை மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். காலையிலிருந்து தேடுகிறார். நானும் கூடவே தேடுகிறேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ கூப்பிட்டால் வண்டியைப் பற்றி எப்போதும்போலவே பேசு. "நான் வராமல் பிரேக்கைத் தொடாதீங்க அத்தான்," என்று சொல். நீ சொன்னால் கேட்பார். உன் பெயரை எடுத்தாலே முகம் மலர்கிறது. நேற்றுகூட நீ பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாயா என்று கேட்டார்.

உனக்கு அங்கே வேலை இருக்கிறது, தூரம் கொஞ்சநஞ்சமல்ல, எல்லாம் தெரியும். ஷீனாவுக்கும் உனக்கும் கடவுள் ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். ஆகஸ்ட்வரை காத்திருக்க வேண்டாம், ரோட்னி. பந்தயம் கிடக்கட்டும். முடிந்தால் ஈஸ்டருக்கே வந்துவிடு.

உன் பிரியமுள்ள அக்கா,
கிளெனிஸ்